காத்து மொதல்ல, பம்பர் பெறவு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர் கூட வந்த இணைப்புல ஃபோர் வீல் டிரைவ் வண்டிய எப்டியெல்லாம் மாத்தலாம்னு ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. படமெல்லாம் பிரமாதம், எங்க வீட்டு சின்னவன் அத வெட்டி பீரோவுல ஒட்டியே வச்சிட்டான். அதுல எனக்கு சண்டை ஒண்ணும் இல்ல, ஆனா அத படிச்ச சூட்டோட சென்னையில இருக்கற என் சித்தி மவன் ஒரு கடை கொடுத்த கொட்டேஷன வாட்ஸ்அப்புல அனுப்பி "அண்ணே, இதுல எத மொதல்ல போட"ன்னு கேட்டான் பாருங்க, அவனுக்கு வாய்ஸ் மெசேஜ்ல சொன்னது போக மிச்சத்த உங்களுக்கு எழுதுறேன், ஏன்னா உங்க ரெண்டு பக்கத்துலயும் டயர் காத்துன்னு ஒரு வார்த்தை கூட இல்ல.

அவன் எடுத்தது ஜிம்னி, மாருதியோட சின்ன ஃபோர் வீல் டிரைவ் வண்டி. வண்டி வீட்டுக்கு வந்து இருபது நாள்தான் ஆகுது. கொட்டேஷன்ல முன்னாடி ஸ்டீல் பம்பர், அதுக்குள்ள வின்ச் (மாட்டின வண்டிய கம்பி சுத்தி இழுக்கற மோட்டார்), மேல நாப்பது இன்ச்சுக்கு எல்இடி பார், வண்டிய 2 இன்ச் உயர்த்துற லிஃப்ட் கிட், சேத்துக்குன்னு உள்ள எம்.டி. டயர் அஞ்சு, எஞ்சினுக்கு மேல இருந்து காத்து எடுக்கற ஸ்நார்க்கல் குழாய், ரூஃப் ரேக், ரேக்குல ஏற ஒரு ஏணி. மொத்தம் 2 லட்சத்து 80 ஆயிரம் சொச்சம், ஜிஎஸ்டி தனி. ஏணி எதுக்குடேன்னு கேட்டேன், ரேக்குல ஏறன்னான். சரி ரேக் எதுக்குன்னு கேட்டேன், பதிலக் காணோம்.

சிரிச்சேனே தவிர சிரிக்க எனக்கும் யோக்கியதை கிடையாது. 2021ல நான் மகேந்திரா தார் டீசல் எடுத்தப்ப பண்ணினதும் இதே கூத்துதான். மொத மாசமே பம்பருக்கு 42 ஆயிரம், லைட்டுக்கு 9 ஆயிரம் குடுத்து மாட்டி, முன்னாடி நின்னு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டு, பெறவு நேரா உடன்குடி பக்கம் பெரியப்பா பனந்தோப்புக்கு ஓட்டிட்டு போனேன். அந்த பக்கம் தேரிக்காடு தெரியும்ல, செக்கச்செவேல்னு மணல், காத்தடிச்சா நேத்து இருந்த மேடு இன்னைக்கு வேற எடத்துல இருக்கும். காப்புக்காட்டுக்குள்ள வண்டிய விடக்கூடாது, அது வேற, நான் போனது சொந்தக்காரங்க தோப்பு. ஃபோர் எச்-ல (நாலு சக்கரத்துக்கும் இழுவை, சாதா கியர்) போட்டு மிதிச்சேன், நாப்பது அடி போயிருக்கும், பொசுக்குனு எறங்கிடுச்சு. என்னடான்னு இன்னும் மிதிச்சேன், மிதிக்க மிதிக்க சக்கரம் தோண்டிக்கிட்டே போகுது, கடைசியா பாத்தா வண்டி வயிறு மணல்ல படுத்திருக்கு, நாலு சக்கரமும் அந்தரத்துல இருக்கற மாதிரி சும்மா சுத்துது. எங்கிட்ட இருந்தது மேல் வேரியன்ட், பின்னாடி மெக்கானிக்கல் லாக்கர் உண்டு, ரெண்டு பின் சக்கரமும் சுத்துற வேகத்துல பெரிய வித்தியாசம் வந்தா தன்னால ரெண்டையும் ஒண்ணா பூட்டிக்கும், கேக்க நல்லா இருக்கும், ஆனா வயிறு தரையில உக்காந்த பெறகு லாக்கர் இருந்து என்ன, இல்லாம என்ன.

பெரியப்பா டிராக்டர வரச்சொன்னாரு. டிராக்டர்க்கார தம்பி வந்து பாத்தான், வண்டியிலயே ரொம்ப பலமா தெரிஞ்சது என் புது பம்பர்தான், அதுல சங்கிலிய சுத்தி ஒரே இழு. நாலு போல்ட்ல ரெண்டு அறுந்து ஒரு பக்கம் மாட்டுக்கொம்பு மாதிரி வெளிய வளைஞ்சுது, வண்டி அப்டியே இருக்கு. வெளிய வந்தது 42 ஆயிரம் மட்டும்தான். அந்த பம்பர் இன்னைக்கும் தோப்புலதான் கெடக்கு, கன்னுக்குட்டி கட்டுறாங்க.

அப்பதான் கருப்பட்டி லோடு ஏத்த வந்த மினிவேன் டிரைவர் அண்ணாச்சி ஒருத்தர் பீடிய கீழ போட்டுட்டு வந்து கேட்டாரு, "காத்த எறக்குனியளா தம்பி?" நான் முழிச்சேன். அவரு வேற ஒண்ணும் பேசல, கீழ கெடந்த வேலம்முள்ள எடுத்து வால்வுக்குள்ள குத்தி புஸ்ஸுனு விட ஆரம்பிச்சாரு, ஒரு சக்கரத்துக்கு ஒண்ணரை நிமிஷம் போல, காத அங்கயே வச்சு சத்தத்த கேட்டு நிறுத்துறாரு. டயர் கீழ்பக்கம் மெல்ல பிதுங்கி மணல்ல பரந்துச்சு, ஒட்டகம் கால் வச்ச மாதிரி. பெறவு வயித்துக்கடியில கையால மணல வாரச் சொன்னாரு, நாலு பனமட்டைய கொண்டாந்து சக்கரத்துக்கு பின்னாடி திணிச்சாரு, "முன்ன போவாதீங்க, வந்த தடத்துலயே பின்னால வாங்க, ஆக்சிலேட்டர நோவாம மிதிங்க"ன்னாரு. ஃபோர் எல் (நாலு சக்கரமும் மெதுவா பலமா இழுக்கற லோ கியர்), ரிவர்ஸ், அவ்வளவுதான், கயிறு இல்லாம சங்கிலி இல்லாம வந்துடுச்சு. நான் அப்ப வெக்கத்துல காசு குடுக்கப் போனேன், வாங்கல, ஒரு டீ மட்டும் குடிச்சாரு.

அதுக்கு பெறவு ஒரு காத்து கேஜ் வாங்கினேன், 450 ரூபா. இதுவரைக்கும் அந்த வண்டிக்கு நான் வாங்கினதுல அதுக்கு சமமா ஒண்ணும் இல்ல. ரோட்ல 32 பி.எஸ்.ஐ. காத்து வைக்கிற டயர நான் கல்லுப்பாதையில 24 போல வைப்பேன், மணல்னா 18. காத்து கொறஞ்சா டயர் அகலமா ஆவுதுன்னு எல்லாரும் நெனைக்கோம், நெசத்துல அது நீளவாக்குலதான் ரொம்ப பரவுது, புல்டோசர் செயின் மாதிரி நீளமா படுத்து போகுது, வண்டி எடை பரந்து விழுது, மணல் தோண்டப்படாம தாங்கிக்குது. கல்லுல அது வேற விதமா ஒதவும், டயர் கல்ல சுத்தி மடிஞ்சு புடிச்சுக்கும், குலுக்கலும் பாதியா கொறயும். 15க்கு கீழ போனா திருப்பத்துல டயர் ரிம்ம விட்டு கழண்டு போற ஆபத்து இருக்கு, அதனால கொறச்ச காத்துல வேகமா ஒடிச்சு திருப்பக்கூடாது, 30 வேகத்துக்கு மேல போவவும் கூடாது. தார் ரோட்டுக்கு ஏறினதும் மறுபடி ஏத்தியே ஆகணும், இல்லன்னா பக்கச் சுவர் மடிஞ்சு மடிஞ்சு சூடாகி வெடிக்கும்.

ஏத்துறதுக்கு பம்பு வேணும், இங்கதான் அடுத்த காசு. அன்னைக்கு நான் கொறஞ்ச காத்துலயே உருட்டிக்கிட்டு ஏழு கிலோமீட்டர் தள்ளி இருந்த பங்க்குக்கு போனேன், காத்து மிஷின் ரிப்பேர்னு அட்டை தொங்குது, அது எப்பவுமே தொங்குற அட்டைதான். மச்சான் வீட்ல இருந்து மிதி பம்பு கொண்டாந்து ஒரு டயர் அடிச்சு முடிக்கறதுக்குள்ள உக்காந்துட்டான். தார்ல இருக்கறது 255/65 ஆர் 18னு பெரிய டயர், மிதிச்சு நெரப்புற சைஸா அது. சிகரெட் லைட்டர்ல சொருகுற சின்ன கம்ப்ரசர் காருக்கு ஓகே, இந்த டயருக்கு அது ஃபியூஸ எரிச்சிடலாம், இல்ல சூடாகி பாதியில நிக்கலாம். பேட்டரியில நேரா கிளிப் மாட்டுற மாதிரி உள்ளத வாங்கணும். என்னோடது நாலு டயரையும் 18ல இருந்து 32க்கு கொண்டு வர இருபது நிமிஷம் எடுக்கும், அதுக்குள்ள டீ போட்டு குடிச்சிடலாம்.

சரி டயர். காசு பெருசா செலவு பண்ணணும்னா டயர்லதான் பண்ணணும், ஆனா எம்.டி. டயர் இல்ல, ரோடு, மண்ணு ரெண்டுக்கும் பொதுவான ஏ.டி. டயர். சித்தி மவன் வருஷத்துல முந்நூறு நாள் ஓட்டப்போறது சென்னை ஓஎம்ஆர் ரோட்ல, எம்.டி. டயர் அங்க தேனீக்கூடு மாதிரி இரைஞ்சுக்கிட்டு வரும், ஈர ரோட்ல பிரேக் புடிச்சா வழுக்கும், மைலேஜும் போகும். சேத்துல நாள் பூரா கெடக்கறவங்களுக்கு அது சரி. அப்புறம் சைஸ். ஜிம்னியோட ஒரிஜினல் 195/80 ஆர் 15, உயரம் 27 இன்ச் சொச்சம். எஞ்சின் 1.5 லிட்டர், 105 குதிரை, 134 நியூட்டன் மீட்டர் டார்க், டர்போ கிடையாது. அதுல கொண்டுபோயி பெரிய கனமான டயர மாட்டினா மேட்டுல ஒரு கியர் கீழ எறக்கிட்டேதான் ஓட்டணும். தார்லயும் அப்டித்தான், 31 இன்ச் டயர் இருந்த எடத்துல 33 போட்டா ஸ்பீடாமீட்டர் 80 காட்டும்போது வண்டி 85ல போயிட்டிருக்கும். மறக்காம அஞ்சாவதா ஸ்டெப்னியும் அதே சைஸ்ல வாங்கணும், அது பின்கதவுலதான் தொங்குது, அந்த கனத்தையும் கதவு கீல்தான் தாங்கணும்.

லிஃப்ட் கிட்ட பத்தி யாரும் வாய தெறந்து சொல்லாத ஒண்ணு இருக்கு. வண்டிக்கு கீழ மொதல்ல தரையில இடிக்கறது பின் ஆக்சில்ல (ரெண்டு சக்கரத்தையும் சேக்குற தண்டு) இருக்கற டிஃப்ரன்ஷியல்ங்கற கியர் குண்டு. ஸ்பிரிங்க 2 இன்ச் உயர்த்தினா பாடி உயரும், அந்த குண்டு ஒரு நூல் கூட உயராது, ஏன்னா அது சக்கரத்தோட சேந்து ஆக்சில்ல இருக்கு. அது உயரணும்னா பெரிய டயர் ஒண்ணுதான் வழி, அதுலயும் 2 இன்ச் பெரிய டயர் போட்டா 1 இன்ச்தான் கெடைக்கும். ஜிம்னிக்கு முன்னாடியும் பின்னாடியும் ரெண்டுமே சாலிட் ஆக்சில், அதாவது ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே தண்டு. கண்ணாடி முன்னாடி நின்னு பாத்தா உயரமா இருக்கும், கல்லுல அதே எடத்துல இடிக்கும். பாடியோட வயிறும் ஓரமும் தப்பிக்கும், அது உண்மை, இல்லன்னு சொல்லல. ஆனா கூடவே ஸ்டியரிங் கோணம் மாறும், அத சரி பண்ணாம விட்டா ஹைவேல ஸ்டியரிங் கிடுகிடுன்னு ஆடும். தார்ல முன்னாடி இண்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியா ஏறி எறங்கும்), அங்க லிஃப்ட் போட்டா ஆக்சில் ஷாஃப்ட் ஜாயின்ட் கோணலா நின்னு சீக்கிரம் தேயும். உயரமான வண்டி வளைவுல சாயறது தனிக்கதை. தாருக்கு கம்பெனியே 226 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் குடுத்திருக்கான், ஜிம்னிக்கு 210. அந்த 210 பத்தலன்னு தெரியற எடத்துக்கு மொதல்ல ஒரு தடவ போயிட்டு வாடேன்னு சொன்னேன்.

இழுக்கற விஷயம்தான் எனக்கு ரொம்ப பயம். நான் பம்பரோட தப்பிச்சேன், அந்த சங்கிலி அறுந்து பின்னால வந்திருந்தா பெரியப்பா நின்ன எடம் சரியா அதோட நேர்ல. இத நெனச்சா இன்னைக்கும் வயித்த கலக்குது. பம்பர்ல கட்டக்கூடாது, ஆக்சில்ல கட்டக்கூடாது, டிரெய்லர் மாட்டுற உருண்டையில கட்டவே கூடாது, ஆஸ்திரேலியாவுல அந்த உருண்டை பிச்சுக்கிட்டு பறந்து கண்ணாடிய தொளச்சு ஆள் செத்திருக்காங்க. சேஸிஸோட நேரா போல்ட் பண்ணின ரெக்கவரி பாயிண்ட் (இழுக்க மாட்டுற கொக்கி) முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு வேணும், வண்டியில அது இருக்கா எங்க இருக்குன்னு வண்டி எடுத்த அன்னைக்கே குனிஞ்சு பாக்கணும். ஷேக்கிள் (கயித்த கொக்கியில மாட்டுற இரும்பு வளையம்) வாங்கினா அதோட ஒடம்புல எத்தன டன் தாங்கும்னு அடிச்சிருக்கணும், முக்கா இன்ச் ஷேக்கிள்னா 4.75 டன், ஒண்ணும் அடிக்காம பளபளன்னு இருக்கறது கன்னுக்குட்டி கட்டத்தான் லாயக்கு. ஷேக்கிளோட குறுக்கு ஆணிய முழுசா முறுக்கிட்டு கால் சுத்து திருப்பி தளத்தணும், இல்லன்னா இழுத்த பெறகு கழட்ட முடியாம சுத்தியல் தேடணும். கயிறும் அப்டித்தான், கிரேன்ல தூக்குற பெல்ட்ட எல்லாரும் வச்சிருக்காங்க, அது நீளாது, வேகமா ஜெர்க் குடுத்து இழுத்தா அந்த அடி முழுசும் வண்டி மேலதான் விழும். அதுக்குன்னு இருக்கற நைலான் கயிறு ரப்பர் மாதிரி நீண்டு மெல்ல இழுக்கும். இழுக்கும்போது கயித்து நடுவுல ஒரு ஈர சாக்கயோ கனமான துணியவோ போடணும், அறுந்தா துள்ளாம கீழ விழும். சுத்தி நின்னு வீடியோ எடுக்கறவங்கள துரத்தி விடணும், அது எல்லாத்தயும் விட கஷ்டம்.

வின்ச் நல்ல சாமான்தான், ஒத்தையா காட்டுப்பாதையில போறவனுக்கு. ஆனா பம்பரும் அதுவும் சேந்து எழுபது எண்பது கிலோவ மூக்குல ஏத்திட்டு திரியணும், ஜிம்னி மொத்தமே 1200 கிலோ சுமாருதான். ஃபுல் லோடுல முந்நூறு நானூறு ஆம்ப் இழுக்கும், பேட்டரி சின்னதா இருந்தா அங்கயே உயிர விட்டுடும். அத கட்டுறதுக்கு மரமும் வேணும். தேரியில இருக்கறது பனை, அதுல வின்ச் கம்பிய சுத்தி மேல்பட்டைய அறுத்திருந்தா பெரியப்பா என்ன அறுத்திருப்பாரு.

இதுக்கு நடுவுல சட்டம். உங்க ரெண்டு பக்கத்துல இது ஒரு வரி கூட இல்லாததுதான் எனக்கு நெசமாவே வருத்தம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி ஆர்.சி.ல கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் ஒரு கேரளா கேஸ்ல அதத்தான் உறுதியா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவு, ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபா அபராதம் இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் போடலாம். ஒரு மாற்றத்துக்கு, கவனிங்க. ஏணிய விட்டுட்டு எண்ணினாலும் தம்பி கொட்டேஷன்ல எத்தன அயிட்டம் அதுல மாட்டும்னு அவனே கூட்டிப் பாக்கட்டும். முன்னாடி போடுற இரும்பு பம்பரையும் புல் பாரையும் புடிக்கச் சொல்லி 2017 டிசம்பர்லயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலத்துக்கும் கடிதம் போட்டிருக்கு. அதுல நியாயமும் இருக்கு, முன்பக்கம் நசுங்கி அடிய வாங்கிக்கத்தான் வண்டிய செஞ்சிருக்கான், ஏர்பேக்கும் அந்த கணக்குலதான் விரியும், நடுவுல ஒரு தண்டவாளத்த மாட்டினா கணக்கு தப்பிடும். ஜிம்னியில ஏர்பேக் ஆறு இருக்கு. நடந்து போறவன் மேல பட்டா அவன் கதி என்னன்னு சொல்லவே வேண்டாம். கடைக்காரங்க யாரும் இத சொல்றதில்ல, எனக்கு மாட்டின கடையில "எல்லாம் பாத்துக்கலாம் சார்"னாங்க, இன்சூரன்ஸ் கிளெய்ம் வரும்போது யாரு பாத்துப்பா? எல்இடி பார பத்தி எதிர்ல வண்டி ஓட்டிட்டு வர்ற எல்லாரும் தெனம் திட்டுறாங்க, நான் புதுசா திட்ட வேண்டியதில்ல. என்னோடத கழட்டி பம்புசெட் ரூம்ல மாட்டிட்டேன், நல்லா எரியுது.

ஸ்நார்க்கலுக்கு தம்பி சொன்ன காரணம் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18ல எங்க ஊர்ப்பக்கம் வந்தத டிவியில பாத்துட்டு சொல்றான், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட மழ, ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே நடுவழியில நின்னுடுச்சு. நான் மூணாவது நாள் பால் பாக்கெட்டும் ரொட்டியும் ஏத்திட்டு சொந்தக்காரங்க ஊருக்கு தார்ல கெளம்பினவன்தான். தார் 650 மில்லிமீட்டர் தண்ணி வரைக்கும் தாங்கும்னு கம்பெனி சொல்லுது, முழங்காலுக்கு கொஞ்சம் மேல. ஒரு எடத்துல எறங்கி கம்பு ஊனி பாத்தேன், தொடைக்கு வந்துச்சு, தண்ணி ஓட்டமும் இருந்துச்சு, திரும்பிட்டேன், மிச்சத்த டிராக்டர்தான் கொண்டு போச்சு. ஸ்நார்க்கல் இருந்திருந்தா போயிருப்பேனோன்னு இப்ப நெனச்சா பயமா இருக்கு. அது எஞ்சின் மூச்சு விட ஒரு குழாய், அவ்வளவுதான். கதவு வழியா தண்ணி வர்றத நிறுத்தாது, சீட்டுக்கடியில இருக்கற வயரிங்க காப்பாத்தாது, ஓடுற தண்ணி ரெண்டடி இருந்தாலே வண்டிய தூக்கிட்டு போகும். அன்னைக்கு நான் போன கொஞ்ச தண்ணிக்கே டிஃப்ரன்ஷியல் ஆயில தொறந்து பாத்தா பால் ஊத்தின டீ கலர்ல இருந்துச்சு, சூடா இருந்த ஆக்சில் தண்ணியில எறங்கினதும் பிரீதர்ங்கற காத்து தொளை வழியா உள்ள உறிஞ்சிடுச்சு. ஸ்நார்க்கல் காசுல பத்துல ஒரு பங்குக்கு அந்த பிரீதருக்கு ஒரு நீள டியூப் போட்டு பானட் வரைக்கும் மேல கொண்டு வந்துட்டேன், நம்மூர் மெக்கானிக்கே பண்ணிட்டாரு. ஸ்நார்க்கல் மேல அவ்வளவு ஆசைன்னா ஃபோர்ஸ் கம்பெனி கூர்க்கா வண்டி எடுத்திருக்கணும், அதுல கம்பெனியே மாட்டி குடுக்கான், முன்னாடி பின்னாடி ரெண்டு லாக்கரும் சேத்து.

போன வருஷம் கொழுக்குமலை போனோம், எஸ்டேட் நம்ம தேனி மாவட்டம்தான் ஆனா ஜீப்புக்கு கேரளா சூரியநெல்லிக்கு போயித்தான் ஏறணும். விடிய நாலு மணிக்கு ஏத்திட்டு போனாங்க, பழைய மகேந்திரா, கதவுக்கு பதிலா தார்ப்பாய், லைட் ரெண்டு மட்டும், ஒண்ணு மஞ்சளா எரியுது. அந்த பாதையில கல்லு ஒவ்வொண்ணும் ஆட்டுக்கல் சைஸ். என் தம்பி கொட்டேஷன்ல இருக்கறது ஒண்ணு கூட அதுல இல்ல. டிரைவர் சேட்டன்கிட்ட வண்டியில என்ன மாத்தியிருக்கீங்கன்னு கேட்டேன், பின்னாடி ஸ்பிரிங்ல ஒரு பட்டை சேத்திருக்கேன், ஆள் ஏத்துறதுக்காகன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, டயர் நல்ல டயர்னாரு. ஒவ்வொரு சக்கரமும் எந்த கல்லு மேல ஏறப்போகுதுன்னு ரெண்டு கல்லு முன்னாடியே அவருக்கு தெரியுது, கால் கிளட்ச்சுல வைக்கவே இல்ல, லோ கியர்ல எஞ்சினே வண்டிய புடிச்சுக்கிட்டு எறங்குது.

சித்தி மவன் பொங்கலுக்கு ஜிம்னிய ஓட்டிட்டு வர்றான். கொட்டேஷன்ல எல்லாத்தயும் அடிச்சிட்டேன், கேஜ், கிளிப் பம்பு, பஞ்சர் கிட், நைலான் கயிறு, ரெண்டு ஷேக்கிள், ஒரு மடக்கு மண்வெட்டி, இத மட்டும் எழுதி திருப்பி அனுப்பினேன், 18 ஆயிரத்துக்குள்ள முடிஞ்சிடும். பனமட்டை இங்க இருக்கு. தோப்புக்கு கூட்டிட்டு போயி மொதல்ல 32லயே விட்டு மாட்ட வைக்கலாம்னு இருக்கேன், அந்த மினிவேன் அண்ணாச்சியையும் வரச்சொல்லியிருக்கு. ஏணிக்கு மட்டும் இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
பாளையங்கோட்டை.